டிரை டாக் முடிந்த கையோடு கிளம்பும் குரூஸ் கப்பலில் முதல் பயணமே போகலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ஒரு கப்பல், டிரை டாக்கில், அதாவது கப்பலை நிறுத்தித் தண்ணீரை இறைத்துவிட்டு வேலை பார்க்கும் பெரிய தொட்டியில், புதுப்பிப்பு வேலை முடிந்து மூன்றாம் நாளே முதல் பயணம், வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

பெற்றோரோடு என்றால் வேண்டாம். நண்பர்களோடு என்றால் தாராளமாகப் போங்கள்.

இதைச் சொல்ல எனக்கு இரண்டு காரணம் உண்டு. சிங்கப்பூரில் கப்பல் யார்டில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். ஆரம்பத்தில் ஃபயர் வாட்ச். வெல்டிங் நடக்கிற இடத்தில் தீயணைப்பானை வைத்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. வெல்டர் டீ குடிக்கப் போய்விடுவார், நாம் மட்டும் அரை மணி நேரம் நின்று எங்கேயாவது புகைகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது காரணம், டாக்கிலிருந்து வந்து நான்கே நாளான ஒரு கப்பலில் அப்பா, அம்மா, மனைவி, பையன் எல்லோருமாகப் போய் வந்தது. கப்பல் பெயர் வேண்டாம்.

கப்பலை டாக்கில் ஏற்றுவது கார்ப்பெட் மாற்றத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கார்ப்பெட்டைக் கரையில் கட்டிப்போட்டே மாற்றலாம். டாக் வேண்டியிருப்பது தண்ணீருக்குக் கீழே இருப்பதற்கு. பயணிகள் கப்பலின் அடிப்பாகத்தைப் பொதுவாக ஐந்து வருடத்தில் இரண்டு முறை தண்ணீரை விட்டு வெளியே எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. கப்பல் உள்ளே வந்ததும் வாசல் கேட்டை அடைத்து, தண்ணீரை இறைப்பார்கள். வரிசையாக வைத்த கட்டைகள் மேல் முந்நூறு மீட்டர் கப்பல் மெதுவாக உட்காரும். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கோயில் குளத்தை வற்ற வைத்த மாதிரி இருந்தது. அதே பாசி நாற்றம். அடியில் ஒட்டியிருக்கும் சிப்பி, பாசியை அதிவேகத் தண்ணீரில் அடித்துக் கழுவிவிட்டு, மறுபடி ஒட்டாமலிருக்கப் பெயிண்ட் அடிப்பார்கள். அது ஒட்டினால் கப்பலைப் பின்னுக்கு இழுக்கும், எண்ணெய்ச் செலவு ஏறும். புரொப்பெல்லர், கடல் தண்ணீர் உள்ளே வரும் வால்வுகள், ஆட்டத்தைக் குறைக்கும் பக்கவாட்டுத் துடுப்புகள், நங்கூரச் சங்கிலி எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிடுவார்கள்.

மேலே அதே நேரத்தில் இன்னொரு படை. தச்சர், டைல்ஸ்காரர், ஒயர்மேன், சோபா தைப்பவர் என்று நூற்றுக்கணக்கில். இரண்டு மூன்று வாரத்தில் முடிக்க வேண்டும். கிளம்பும் தேதியை லேசில் தள்ள முடியாது. டிக்கெட் விற்றாகிவிட்டது, டாக்குக்கு அடுத்த கப்பலும் வரிசையில் இருக்கும். அடி வேலையைப் பாதியில் விட்டால் கப்பல் கடலுக்குத் தகுதியா என்று சோதித்துச் சான்று தரும் கிளாஸ் சர்வேயர் கையெழுத்துப் போட மாட்டார், கப்பல் நகராது. கார்ப்பெட்டைப் பாதியில் விட்டால் யாரும் தடுக்கப்போவதில்லை. ஆகவே மிச்சமாகும் வேலையெல்லாம் பயணி கண்ணில் படுகிற வேலையாகத்தான் இருக்கும். பாதுகாப்பைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். மிச்ச வேலையை முடிக்கப் பயணம் முழுக்க ஒப்பந்ததாரர் ஆட்களும் கூடவே வருவார்கள், சில அறைகளை அவர்களுக்கென்றே ஒதுக்கிவிடுவார்கள்.

நாங்கள் போனது சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட், நான்கு இரவு. லிஃப்ட் கதவு திறந்ததும் பசை வாசனை. ஃபெவிக்காலும் புது ரெக்சினும் கலந்த மாதிரி. எனக்கு அது யார்டு வாசனை, ஒன்றும் தோன்றவில்லை. அம்மாவுக்கு வீசிங் உண்டு. இரண்டாம் நாளே இன்ஹேலரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார். எங்கள் தளத்துக் கைப்பிடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையை யாரும் உரிக்கவில்லை. அப்பா நடக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே வந்தார். ஓய்வு பெற்ற மின்வாரிய லைன்மேன், கை சும்மா இருக்காது.

குளியலறைக் குழாயைத் திறந்தால் முதல் ஒரு நிமிடம் டீத்தண்ணீர் நிறம். தண்ணீர்த் தொட்டிகளையும் குழாய்களையும் திறந்து மூடியிருப்பார்கள், கொஞ்ச நேரம் ஓடவிட்டால் தெளிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அதை எப்படிப் புரியவைப்பது? நான்கு நாளும் பாட்டில் தண்ணீரில்தான் வாய் கொப்பளித்தார். நீச்சல் குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி மூடியிருந்தார்கள். பையனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டாம் ராத்திரி ஏசி படுத்துவிட்டது. பதினொரு மணிக்கு வந்த மெக்கானிக் பெயர்ப்பட்டையைப் பார்த்ததும் அப்பா, "தம்பி எந்த ஊரு?" என்றார். தூத்துக்குடி. மனுஷன் கூரைப் பலகையைக் கழற்றி உள்ளே கையை விட்டபடியே பேசினார். "என்னத்தச் சொல்ல அண்ணாச்சி. பதினெட்டு நாள் டாக்குல கிடந்தோம். கடல் தண்ணி இருந்தாத்தான ஏசி ஓடும்? கண்டெய்னர் கணக்கா கரையில ஒரு மிஷின வச்சுக் காத்து விட்டானுவ. இந்தத் தளத்துல சுவத்த மாத்திட்டானுவ, டக்டுல காத்து எங்கிட்டுப் போவுதுன்னு இன்னும் பிடிபடல." வெளியே எடுத்த ஃபில்டரில் ஒரு விரல் கனத்துக்கு மரத்தூள். அப்பா அதைத் தொட்டு முகர்ந்து பார்த்து, "பிளைவுட்" என்றார். அதன்பிறகு ஏசி நன்றாகவே ஓடியது. அந்தத் தம்பிக்கு டிப்ஸ் கொடுத்தேன், வாங்கவே மாட்டேன் என்றார்.

நல்லதையும் சொல்ல வேண்டும். மெத்தை புதுசு. இன்னொருவர் படுத்த பள்ளமே இல்லை. சாப்பாட்டுக் கூடத்து நாற்காலிகளில் ஒரு கறை கிடையாது. பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கி நடந்தே லிட்டில் இந்தியா போனோம், அம்மா அன்றுதான் சிரித்தார்.

புதுப்பிப்பு என்றால் எப்போதும் இப்படி என்று நினைக்காதீர்கள். 2016இல் குயின் மேரி 2 கப்பலை ஹாம்பர்க்கில் ஏற்றி, தனியாகப் பயணிப்பவர்களுக்கு 15 அறை புதிதாகச் சேர்த்தார்கள். பயணிகள் கூட்டிவரும் நாய்களுக்கான கூண்டுகளையும் 12இலிருந்து 22 ஆக்கினார்கள். நாய்கள் காலைத் தூக்க வசதியாக ஒரு இங்கிலாந்து விளக்குக் கம்பம், ஒரு அமெரிக்கத் தீயணைப்புக் குழாய் இரண்டையும் தளத்தில் நட்டார்கள். இந்த அளவுக்கு யோசித்துச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் பெரிய ஆபத்து பசை வாசனைகூட இல்லை, தேதிதான். 2019 ஏப்ரலில் பஹாமாஸின் ஃப்ரீபோர்ட் யார்டில் கிரேன் சரிந்து ஒயாசிஸ் ஆஃப் த சீஸ் கப்பல்மேல் விழுந்தது. எட்டுப் பேருக்குக் காயம். கப்பல் ஸ்பெயினின் காடிஸ் வரை போய்ச் சரிசெய்து வந்தது, மூன்று பயணங்கள் ரத்து. அந்த டாக் கெட்டுப்போனதால் அதே வருடம் ஜூலையில் கார்னிவல் விஸ்டா கப்பலைத் தூக்கி போக்கா வேன்கார்ட் என்ற இன்னொரு கப்பலின் முதுகில் வைத்து ரிப்பேர் பார்த்தார்கள். அப்படி நடப்பது அபூர்வம்தான். ஆனாலும் ஊரிலிருந்து விமான டிக்கெட், விசா என்று போட்டு அப்பா அம்மாவை வரவழைக்கிறவர் இதை யோசிக்க வேண்டும். கப்பல்காரர் பயணக் கட்டணத்தைத் திருப்பித் தருவார். திருச்சி விமானக் கட்டணத்தை யார் தருவார்?

அப்படியும் போகத்தான் போகிறீர்கள் என்றால், கப்பல் டாக்கிலிருந்து வெளிவரும் தேதிக்கும் உங்கள் தேதிக்கும் நடுவே எத்தனை நாள் என்று ஏஜெண்டிடம் கேளுங்கள். வேலை நடக்காத தளம் எது என்று கேட்டு அங்கே அறை வாங்குங்கள், புது அறைக்கு ஆசைப்படாதீர்கள். ஏறிய முதல் மணி நேரத்திலேயே ஷவர், ஃபிளஷ், ஏசி மூன்றையும் போட்டுப் பார்த்து, கோளாறு இருந்தால் போட்டோ எடுத்து வரவேற்பு மேஜையில் எழுதிக் கொடுங்கள். கப்பல் டாய்லெட் காற்றில் உறிஞ்சும் வகை. எங்கேயோ ஒரு அறையில் ஒருவர் துணியைப் போட்டால் அந்த வரிசையே அடைத்துக்கொள்ளும், டாக் முடிந்த வாரத்தில் இது சகஜம். நான் கடைசி நாள்வரை பொறுத்துப்போனேன், அதனால் பத்துக் காசு கிடைக்கவில்லை. பக்கத்து அறை சீனக் குடும்பம் முதல் நாளே போய் நின்றார்கள், அவர்கள் கணக்கில் நூறு டாலர் வரவு வைத்தார்கள்.

அதே கப்பலில் அடுத்த மாதப் பயணத்துக்கு இடம் இருந்தால் யோசிக்காமல் அதைப் போடுங்கள். அதற்குள் பசை காய்ந்திருக்கும், குளத்திலும் தண்ணீர் விட்டிருப்பார்கள்.