கருத்த முகம் சேறாகாமல் இருக்க

கேள்வி: கோயில் கச்சேரியில் போனில் எடுத்த படத்தை வைத்து ஒரு நாதஸ்வரக் கலைஞரை நீர்வண்ணத்தில் வரைகிறேன். அவர் நல்ல கருப்பு. எத்தனை முறை பூசினாலும் முகம் சேற்று நிறமாகிவிடுகிறது. கன்னம் உப்பியிருப்பதால் ஜாடையும் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: "எத்தனை முறை பூசினாலும்" என்கிறீர்களே, கோளாறு அங்கேதான். நீர்வண்ணம் காய்ந்ததும் வெளிறும். அதற்குப் பயந்து மெல்லிசாகத் தொடங்குவோம், போதவில்லை என்று மேலே மேலே ஏற்றுவோம். ஐந்தாறு பூச்சுக்கு அப்புறம் தாளின் வெளிச்சம் அடைபட்டுப்போகும். கருத்த முகத்துக்கு முதல் பூச்சே துணிச்சலாக, கண்ணுக்குக் கொஞ்சம் அதிகம் என்று படுகிற அளவுக்கு இருக்கட்டும். மொத்தம் மூன்று பூச்சில் முடியுங்கள்.

கறுப்பு டியூபைத் தொடவே வேண்டாம். பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, அல்ட்ராமரைன் நீலம், பர்மனன்ட் ரோஸ், இந்த மூன்று போதும். சியன்னாவும் அல்ட்ராமரைனும் கெட்டியாகக் கலந்தால் கறுப்புக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். இந்தியன் ரெட் போன்ற, அடியிலுள்ளதை மறைக்கும் நிறங்களைத் தோலுக்குத் தவிர்க்கலாம்.

ஒரு பூச்சு அரைகுறையாகக் காயும்போது தூரிகையை வைக்காதீர்கள். பாதிப் பேர் கெடுப்பது அந்த நேரத்தில்தான். புறங்கையால் தாளைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தியாக இருந்தால் நல்லது. மலிவான தாளில் இரண்டாம் பூச்சு முதல் பூச்சைக் கிளப்பிவிடும்.

நெற்றியிலும் மூக்கிலும் விழும் மினுமினுப்பை வெறும் வெள்ளையாக விடாமல் மிக நீர்த்த நீலம் ஓட்டுங்கள். மேடை விளக்கு மஞ்சளாக இருந்தால் மஞ்சள். விபூதிக்குக் கடைசியில் வெள்ளை குவாஷ், அதாவது அடியை மறைக்கும் நீர்வண்ணம், வைத்தால் தப்பில்லை. நீர்வண்ணத்தில் வெள்ளை கூடாது என்கிற சுத்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

சரி, ஜாடை. சீவாளியை (வாயில் வைக்கும் நாணல் துண்டை) கவ்வி ஊதும்போது மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பு காணாமல் போகிறது, கீழ் இமை மேலே ஏறுகிறது. நாம் ஆளை அடையாளம் காண்கிற பாதி விஷயம் அங்கேயே போச்சு. மிச்சமிருப்பது புருவம், கண்களுக்கு நடுவிலுள்ள தூரம், காது, முடிக்கோடு. இவற்றை மட்டும் அளந்து போடுங்கள். கன்னத்துக்கு வெளிக்கோடு வேண்டாம். ஒரு பக்கம் ஈரத்தில் கரையவிட்டால் தானாக உருண்டு நிற்கும். கிட்டத்திலிருந்து போனில் எடுத்த படம் என்றால் அனசு (நாதஸ்வரத்தின் விரிந்த அடிப்பகுதி) பூதாகரமாகவும் முகம் சின்னதாகவும் விழுந்திருக்கும், அதைத் திருத்திக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், வாத்தியத்தை இறக்கிவிட்டுத் தவில்காரரைப் பார்க்கிற நொடிப் படம் கிடைத்தால் அதைத்தான் வரைவேன்.

ஊதுகிற படம்தான் என்றால், விரல் துளைகள் ஏழு. எந்தக் கை மேலே என்பதையும் படத்தைப் பார்த்தே போடுங்கள். ஜாடை கொஞ்சம் தப்பினால் ரசிகர்கள் பொறுத்துக்கொள்வார்கள், விரல் தப்பினால் விடமாட்டார்கள்.