குரல் அறுவை சிகிச்சை: கம்பெனி இன்சூரன்ஸா, கைக்காசா?

கேள்வி: நான் திருநங்கை, வயது 31. பெயர், பாலினம் எல்லாம் ஆவணங்களில் மாற்றி முடித்த பிறகுதான் சென்னையில் இப்போதைய கம்பெனியில் சேர்ந்தேன். இங்கே என்னைப் பற்றி யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். நாள் முழுக்க போனில் கிளையன்ட்டுகளுடன் பேசுவதுதான் என் வேலை. கைக்கு மாதம் 62,000 வருகிறது. வாடகை 14,000, ஊருக்கு அனுப்புவது 15,000, மற்ற செலவு 18,000. அப்பா பெயரையும் சேர்த்துப் போட்ட எஃப்.டி. 3.2 லட்சம் இருக்கிறது, பணம் முழுக்க என்னுடையது, இன்னும் ஏழு மாதத்தில் முதிர்கிறது. சேமிப்புக் கணக்கில் 70,000. குரலைப் பெண்குரலாக்கும் அறுவை சிகிச்சைக்கு ஒரு மருத்துவமனையில் 2.4 லட்சம் ஆகும் என்றார்கள். கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸில் பாலின உறுதிப்பாட்டு சிகிச்சைக்கு கவர் உண்டு என்று கையேட்டில் போட்டிருக்கிறது, ஆனால் கிளெய்ம் செய்தால் ஹெச்.ஆருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம். ஸ்பீச் தெரபி நாலு தடவை போய் நிறுத்திவிட்டேன், ஒரு தடவைக்கு 1,000 ரூபாய். லோன் போட்டு உடனே செய்துகொள்ளலாமா? கொரியா போனால் நல்லது என்கிறார்களே? நான் இன்னொரு ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று அப்பாவுக்குத் தெரிந்தால் வீட்டில் அம்மாவுக்குத்தான் கஷ்டம். என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், சென்னை

பதில்: செய்துகொள்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, அதில் நான் தலையிட மாட்டேன். பணக்கணக்கைப் பார்த்தால் என் பதில் இதுதான்: ஒரு எட்டு மாதம் தள்ளிப்போடுங்கள், அதுவரை ஸ்பீச் தெரபியை விடாமல் போங்கள், அப்புறமும் வேண்டும் என்று தோன்றினால் கைக்காசில் செய்யுங்கள். கம்பெனி இன்சூரன்ஸும் வேண்டாம், லோனும் வேண்டாம்.

இன்சூரன்ஸ் வேண்டாம் என்று நான் சொல்வது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். வழக்கமாக என்னிடம் வருபவர்களிடம் கவர் இருக்கும்போது சொந்தக் காசை ஏன் எடுக்கிறீர்கள் என்றுதான் கேட்பேன். ஆனால் குரூப் பாலிசி எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பாலிசி கம்பெனியின் பெயரில் இருக்கிறது, பிரீமியம் கட்டுவதும் கம்பெனி. நடுவில் கிளெய்மைப் பார்க்கும் டிபிஏ நிறுவனமோ புரோக்கரோ அவ்வப்போது ஹெச்.ஆருக்குக் கிளெய்ம் பட்டியல் அனுப்புவது பல இடங்களில் சாதாரண நடைமுறை, அடுத்த வருட பிரீமியம் பேசுவதே அந்தப் பட்டியலை வைத்துத்தான். அதில் ஊழியர் பெயர், மருத்துவமனை, தொகை, சில சமயம் நோயின் பெயர்கூட ஒரே வரியில் இருக்கும். கேஷ்லெஸ் அனுமதி இழுத்தடித்தால் நீங்களே ஹெச்.ஆருக்கு மெயில் போட வேண்டி வரும். போதாததற்கு அந்த கவருக்கென்று தனி சப்-லிமிட், அதாவது தனித் தொகை வரம்பு இருந்தால், அந்தத் தலைப்பில் கிளெய்ம் வந்தது என்பதே விஷயத்தைச் சொல்லிவிடும்.

சரி, தெரிந்தால்தான் என்ன என்றும் கேட்டுப் பார்ப்போம். ஒன்றுமே ஆகாமலும் போகலாம். வேலையிடத்தில் பாகுபாடு கூடாது என்று 2019-ஆம் வருட திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. ஆனால் கசிந்துவிட்டால், அந்த ஆபீஸில் தினமும் உட்கார முடியாமல் நீங்களே வேலையை விடும் நிலை வரலாம். அடுத்த வேலை கிடைக்க நாலு மாதம் ஆனால் சம்பளம் மட்டும் 2.48 லட்சம் போச்சு. அறுவை சிகிச்சைச் செலவே 2.4 லட்சம்தான். இதை வைத்துத்தான் உங்கள் விஷயத்தில் அந்தரங்கத்துக்குக் காசு கொடுப்பது வீண்செலவு இல்லை என்கிறேன். ஹெச்.ஆருக்குத் தெரிந்தால் பரவாயில்லை என்று நினைக்கும் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நேர்மாறாகச் சொல்லியிருப்பேன்.

ஒரு வழியை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். "டாக்டரிடம் சொல்லி குரல் நாணில் கட்டி என்று எழுதி வாங்கிவிடலாம், இன்சூரன்ஸும் கிடைக்கும், விஷயமும் வெளியே வராது" என்பார்கள். அது மோசடி. சந்தேகம் வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி விசாரணைக்கு ஆள் அனுப்பும், மருத்துவமனை ரெக்கார்டை முழுக்கப் புரட்டுவார்கள். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்களோ அதையே கூப்பிட்டு வாசலில் நிறுத்துவது மாதிரி ஆகிவிடும்.

இதற்காகத் தனியாக ஒரு ஹெல்த் பாலிசி எடுக்கலாமா என்று அடுத்து தோன்றும். பாலிசி வாசகத்தில் விலக்குகள் பகுதியைத் திறந்து எக்ஸ்கிளூஷன் 07 என்று தேடுங்கள். பாலினம் மாற்றும் சிகிச்சைகளுக்குப் பணம் கிடையாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ தரப்படுத்திய வாசகம் அங்கே இருக்கும், அதற்கு அடுத்த 08 அழகு சிகிச்சைக்கானது. 2019 சட்டத்தின் 15-ஆவது பிரிவு இந்த மாதிரிச் சிகிச்சைகளுக்கு இன்சூரன்ஸ் கவர் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று அரசுக்குச் சொன்ன பிறகும் அந்த விலக்கு எத்தனையோ பாலிசிகளில் அப்படியே உட்கார்ந்திருப்பது எனக்குக் கோபம் தரும் விஷயம், ஆனால் நீங்கள் அதை நம்பிப் பணம் கட்டக் கூடாது. மற்ற நோய்களுக்காகச் சொந்தமாக ஒரு பாலிசி கட்டாயம் எடுங்கள், அது வேறு. எடுக்கும்போது ஹார்மோன் சாப்பிடுவதையும் முந்தைய ஆபரேஷனையும் மறைக்காமல் எழுதுங்கள். அந்தப் படிவம் உங்கள் ஆபீஸுக்குப் போகாது.

திருநர்களுக்கான மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜி பிளஸ் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை கவர் உண்டு, அதில் உங்கள் கம்பெனிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அதற்குத் திருநர் அடையாளச் சான்றிதழ் வேண்டும். பட்டியலில் இந்தக் குறிப்பிட்ட சிகிச்சை இருக்கிறதா, நீங்கள் பார்த்த மருத்துவமனை அதில் சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் பொதுவாகக் கேட்டுப் பாருங்கள். இருந்தால் நல்லது, இல்லையென்றாலும் கீழே சொல்லும் கணக்கு நிற்கும்.

இப்போது ஏன் எட்டு மாதம் என்று சொல்கிறேன். ஈஸ்ட்ரோஜன் குரலை ஏற்றாது, பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் தடிமனாக்கிய குரல் நாண் மறுபடி மெலிவதில்லை, அது உங்களுக்கே தெரியும். வெண்ட்லர் குளோட்டோபிளாஸ்டி என்ற முறையில் குரல் நாண்களின் முன்பகுதியைச் சேர்த்துத் தைத்து, அதிரும் நீளத்தைக் குறைக்கிறார்கள், அதனால் சுருதி ஏறுகிறது. சுருதி மட்டும்தான் ஏறும். ஆண் குரல் சுமார் 100 முதல் 130 ஹெர்ட்ஸ், பெண் குரல் சுமார் 180 முதல் 220 என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் போனில் எதிராளி "சார்" என்று சொல்வதா "மேடம்" என்று சொல்வதா என்பது அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவாவதில்லை, குரல் தொண்டையிலும் வாயிலும் எங்கே ஒலிக்கிறது, வாக்கியத்தை எப்படி ஏற்றி இறக்குகிறோம் என்பதும் சேர்ந்துதான். அதைக் கத்தி தராது, பயிற்சிதான் தரும். ஆகவே சர்ஜரி செய்தாலும் தெரபிக்குப் போயே ஆக வேண்டும், அப்படி எப்படியும் செலவாகப் போகிற பணத்தை முதலிலேயே செலவு செய்யுங்கள் என்கிறேன். வாரம் ஒரு தடவை, ஆறு மாதத்துக்கு 26,000 ரூபாய். நாலு தடவையில் பலருக்கும் பலன் தெரியாது. அதிலேயே போதும் என்று உங்களுக்குத் தோன்றினால் 2.4 லட்சம் மிச்சம். தோன்றாவிட்டால் சர்ஜரிக்கு நன்கு தயாரான தொண்டையோடு போகிறீர்கள். இன்னொன்று, தெரபியில் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதால் தினமும் பக்கத்தில் உட்காருபவர்களுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை, உங்களுக்கு அதுவும் முக்கியம்தானே.

உங்கள் தொழிலே குரல் என்பதை மருத்துவமனையில் சொன்னீர்களா? சொல்லவில்லையென்றால் போய்ச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பின் ஒன்றிரண்டு வாரம் வாயே திறக்கக் கூடாது என்பார்கள், அதன் பிறகும் பல வாரம் குரல் பலவீனமாகவும் கரகரப்பாகவும் இருக்கும், நிலைக்கு வர மாதங்கள் ஆகும். சிலருக்குச் சத்தமாகப் பேசும் வலு குறைந்துவிடுகிறது, அது திரும்பாமலும் போகலாம். தினமும் ஐந்தாறு மணி நேரம் போனில் பேசும் ஒருவருக்கு எப்போது முழு வேலைக்குத் திரும்பலாம், முடிவு சரியில்லையென்றால் மறுபடி செய்ய என்ன கட்டணம், இந்த இரண்டையும் டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். வேறு ஏதாவது ஆபரேஷன் மயக்க மருந்தில் செய்யும் திட்டம் இருந்தால் அதை முன்னால் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள், தொண்டையில் குழாய் போடுவது புதிதாகத் தைத்த இடத்துக்கு நல்லதில்லை.

கணக்குக்கு வருவோம். உங்கள் மாதச் செலவு ஊருக்கு அனுப்புவதையும் சேர்த்து 47,000. இன்று கையில் இருப்பது 3.9 லட்சம். இன்றே செய்தால் 1.5 லட்சம் மிஞ்சும், அதாவது மூன்று மாதச் செலவு, அதுவும் குரல் சரியாகாமல் வேலை ஆட்டம் காணக்கூடிய நேரத்தில். இது போதாது. எட்டு மாதம் 15,000 வீதம் சேர்த்தால் 1.2 லட்சம் கூடும், தெரபிக்கு 26,000 போனால் கையில் 4.84 லட்சம் இருக்கும். சர்ஜரிக்கு 2.4 சொன்னால் 2.7 என்று வைத்துக்கொள்ளுங்கள், டெஸ்ட், மருந்து, ரூம் மாற்றம் என்று எதையாவது கூட்டாமல் எந்த மருத்துவமனையும் பில் போடுவதில்லை. மிச்சம் 2.14 லட்சம், நாலரை மாதச் செலவு. ஆறு மாதம் இருந்தால் இன்னும் நிம்மதி, ஆனால் நீங்கள் ஏற்கனவே எத்தனையோ வருடம் காத்திருந்தவர், நாலரைக்கே சரி என்று சொல்லிவிடுகிறேன்.

அதற்குள் அந்த எஃப்.டி.யும் முதிர்ந்துவிடும். இப்போது போய் உடைக்காதீர்கள். கூட்டு டெபாசிட்டை முன்கூட்டி உடைக்க பெரும்பாலும் இருவர் கையெழுத்தும் கேட்பார்கள், அப்பாவிடம் காரணம் சொல்ல வேண்டி வரும். "இருவரில் ஒருவர்" என்ற முறையில் போட்டிருந்தால் முதிர்ந்த பிறகு உங்கள் ஒருவர் கையெழுத்தே போதும். தானாகப் புதுப்பிக்கும்படி போட்டிருக்கிறதா என்று ரசீதைப் பாருங்கள், போட்டிருந்தால் முன்னதாகவே மாற்றச் சொல்லுங்கள். எந்த மொபைல் எண்ணுக்கு எஸ்எம்எஸ் போகிறது என்பதையும் பாருங்கள், அப்பா எண்ணாக இருந்தால் பணம் எடுத்த நிமிடம் அவர் போனில் மணியடிக்கும். பணம் உங்களுடையது, ஆனாலும் "எஃப்.டி.யைச் சென்னைக்கு மாற்றிக்கொள்கிறேன்" என்று முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அது பொய்யும் இல்லை.

மருத்துவச் செலவுக்கென்று வேறொரு வங்கியில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வேண்டும். அடுத்த கம்பெனிக்கு மாறும்போது மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட் கேட்பார்கள், அதில் தெரபிஸ்ட், மருத்துவமனை, மருந்துக்கடை என்று வரிவரியாக நிற்க வேண்டாம். சம்பளக் கணக்கிலிருந்து இங்கே மாற்றிவிட்டால் அங்கே உங்கள் பெயருக்குப் போன ஒரு வரி மட்டும் தெரியும். முழுக்க ரொக்கமாகக் கட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள், ஒரே சிகிச்சைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது, மருத்துவமனைக்கே அபராதம் வரும்.

மருத்துவமனையில் ஆபா எண் (அரசின் டிஜிட்டல் சுகாதார அடையாள எண்) கேட்டால் அது கட்டாயமில்லை, வேண்டாம் என்று சொல்லலாம். தொடர்பு எண் உங்களுடையது மட்டும். துணைக்கு ஒருவர் கட்டாயம் கேட்பார்கள், படிவத்தில் கையெழுத்தும் வாங்குவார்கள், அதற்கு நம்பிக்கையான தோழி ஒருவரிடம் இப்போதே பேசி வையுங்கள். ஆபீஸுக்கு மெடிக்கல் சர்டிபிகேட்டில் "தொண்டை அறுவை சிகிச்சை, குரல் ஓய்வு தேவை" என்று டாக்டர் எழுதினால் போதும். அது முழு உண்மை, அதற்கு மேல் விளக்கம் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை. பேச முடியாத வாரங்களுக்கு சாட், மெயில் வேலையாகக் கேட்டுப் பாருங்கள்.

லோன் ஏன் வேண்டாம் என்றால், குரல் சரியாகும்வரை உங்கள் வருமானம் உறுதியில்லை, அந்த நேரத்தில் மாதத் தவணை கழுத்தைப் பிடிக்கும். ஆப்பில் கிடைக்கும் கடன் பக்கம் போகவே வேண்டாம். போனில் இருக்கும் தொடர்புப் பட்டியலை அவர்கள் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருந்தும், தவணை தவறினால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போடும் கும்பல்கள் இன்னும் இருக்கின்றன.

கொரியாவில், சியோலில் இதற்கென்றே பெயர்பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் விமானம், தங்குவது, விசா எல்லாம் சேர்ந்தால் உங்கள் கையிருப்பு மொத்தமும் அதிலேயே போய்விடும். அதைவிட, குரலில் ஏதாவது கோளாறு என்றால் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்க்க அதே டாக்டர் பக்கத்தில் வேண்டும். உங்களுக்குச் சென்னையே போதும். ஒரே இடத்து விலையை நம்பாமல் இன்னும் இரண்டு குரல்வளை நிபுணர்களைப் பாருங்கள், இதே சிகிச்சையை அவர்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள், செய்துகொண்டவர்களின் முன்-பின் குரல் பதிவைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, போன் பேங்கிங்கில் குரலைக் கேட்டுவிட்டு "அக்கவுன்ட் ஹோல்டரிடம் கொடுங்க சார்" என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள், என்னிடம் வரும் திருநங்கைகள் பலர் சொல்வது இது. அதற்கு எட்டு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. கிளைக்கு ஒரு தடவை நேரில் போய் கேஒய்சியைப் புதுப்பித்து, நெட் பேங்கிங்கையும் ஆப்பையும் சரியாக அமைத்துக்கொண்டால் பெரும்பாலான வேலைக்குப் போன் போடவே தேவையில்லை. புதுக் கணக்கு திறக்கப் போகும் அன்றே இதையும் முடித்துவிடுங்கள். எஃப்.டி. முதிர்ந்ததும் அப்போதைய தொகைகளோடு மறுபடி எழுதுங்கள், தேதி குறிப்பதற்கு முன் கணக்கை இன்னொரு முறை சேர்ந்தே பார்ப்போம்.