‘அவங்க’ என்ற மறைவிடம்

அன்புள்ள ஐயா,

நான் தடகளப் பயிற்சியாளன். என்னிடம் பயிற்சி பெறும் நடுத்தொலைவு ஓட்டக்காரன் ஒருவன், தேசிய முகாம்வரை சென்றவன், சென்ற மாதம் பயிற்சி முடிந்தபின் தனியாக வந்து, தான் ஒரு தன்பாலீர்ப்பாளன் என்றும் அதை எல்லோருக்கும் சொல்லிவிட விரும்புவதாகவும் கூறினான். எனக்கு அவன்மீது வெறுப்பு ஏதும் இல்லை. ஆனால் ஓய்வு பெறும்வரை வாய் திறக்காதே என்று அறிவுரை சொன்னேன். விளையாட்டு வேறு, தனிவாழ்க்கை வேறு. படுக்கையறையை மைதானத்துக்குக் கொண்டுவர வேண்டியதில்லை என்பது என் எண்ணம். கவனம் சிதறும், விளம்பரதாரர்கள் விலகிப்போவார்கள், உடன் ஓடுபவர்கள் சங்கடப்படுவார்கள். நீங்கள் இளமையில் ஓடியவர் என்பதால் கேட்கிறேன், நான் சொன்னது சரிதானா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பெயரையும், அந்த இளைஞனை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டே இதை வெளியிடுகிறேன். சில மாதங்களாக என் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் கிளறிவிட்டதால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அணியில் இடம், போட்டிக்கான பரிந்துரை, முகாமுக்கு அனுப்பும் அதிகாரம் எல்லாவற்றையும் கையில் வைத்திருக்கும் ஒருவரிடம் வந்து அந்தப் பையன் இதைச் சொல்லியிருக்கிறான் என்றால், இத்தனை ஆண்டுகளில் உங்களிடம் அவன் ஏதோ ஒரு நல்ல குணத்தைக் கண்டிருக்கிறான். நீங்களும் அவனை விரட்டவில்லை, வீட்டாரிடம் போட்டுக் கொடுக்கவில்லை. அந்த மட்டில் நீங்கள் நல்லவர். அதனால்தான் நீங்கள் எழுதிய ஒரு வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. அதற்கு வருகிறேன்.

கவனம் சிதறும் என்பதை நான் பொருட்படுத்தவில்லை. உயரத்திலிருந்து நீரில் குதிக்கும் (டைவிங்) விளையாட்டின் ஆஸ்திரேலிய வீரர் மேத்யூ மிச்சம் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குச் சில மாதங்கள் முன்னர் தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஒலிம்பிக்கின் எட்டு டைவிங் தங்கங்களில் ஏழைச் சீனா எடுத்துக்கொண்டது. எட்டாவதை, 10 மீட்டர் மேடையிலிருந்து குதித்த கடைசிப் பாய்ச்சலில் 112.10 புள்ளி பெற்று மிச்சம் எடுத்தார். நம் நாட்டு ஓட்டக்காரர் டூட்டி சந்த் 2019 மே மாதம் தன் துணை ஒரு பெண் என்று சொன்னார்; ஜூலையில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் 100 மீட்டரில் தங்கம் வென்றார். விளம்பரதாரர்களைப் பற்றிய அச்சத்தில் உண்மை உண்டு. 1981இல் டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்குக்கு ஒரு பெண்ணுடன் இருந்த உறவு ஒரு வழக்கின் மூலம் வெளியே இழுத்துப் போடப்பட்டபோது, 24 மணி நேரத்துக்குள் விளம்பர ஒப்பந்தங்கள் அவர் கையை விட்டுப் போயின. ஆனால் அந்தப் பையன் உங்களிடம் வரவுசெலவுக் கணக்குக் கேட்டு வரவில்லை. அதை இத்துடன் விட்டுவிடுவோம்.

‘படுக்கையறையை மைதானத்துக்குக் கொண்டுவர வேண்டியதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான் என்னால் விட முடியவில்லை.

1994 உலகக்கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்துக்கு எதிராகக் கோல் அடித்த பிரேசிலின் பெபெட்டோ, கோட்டோரமாக ஓடிவந்து, அப்போதுதான் பிறந்திருந்த தன் மகனுக்காக இரண்டு கைகளையும் தொட்டிலாக்கி ஆட்டினார். அவருடைய தோழர்கள் இருவர் வந்து சேர்ந்து ஆட்டினார்கள். உலகமே நெகிழ்ந்தது. இன்றுவரை சின்னப் பையன்கள் கோல் அடித்துவிட்டு அதைச் செய்கிறார்கள். படுக்கையறையை மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று எவராவது சொன்னார்களா? சதம் அடித்தவன் மட்டையை மனைவி இருக்கும் பக்கம் நீட்டும்போது, தங்கம் வென்றவன் தடுப்பைத் தாண்டிக் காதலியைக் கட்டிக்கொள்ளும்போது, வெற்றி பெற்ற அன்று மாலை பேட்டியில் ‘என் மனைவி இல்லாவிட்டால் நான் இல்லை’ என்று கண் கலங்கும்போது நாம் அதைத் தனிவாழ்க்கை என்று சொல்வதில்லை, குடும்பம் என்று சொல்கிறோம். அதே சொல்லை உங்கள் பையன் சொல்ல வாயெடுத்தால் மட்டும் உங்களுக்குப் படுக்கை நினைவுக்கு வருகிறது. நண்பரே, அந்தப் படுக்கையை அவன் கொண்டுவரவில்லை. அதை மனத்தில் விரித்து வைத்திருப்பவர் நீங்கள்.

இதைக் கடுமையாகச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு.

நான் கல்லூரிக் காலத்தில் 4×400 தொடரோட்டத்தில் மூன்றாவதாக ஓடினேன். நான்காவதாக ஓடியவன் என் அறைத்தோழன். நான்கு ஆண்டுகள் அவன் கையில்தான் கோலைக் கொடுத்தேன். உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: 4×100 போல முன்னால் பார்த்துக்கொண்டு கையை மட்டும் பின்னால் நீட்டி இதில் கோலை வாங்க முடியாது. 400 மீட்டர் ஓடி வருபவன் கடைசி முப்பது மீட்டரில் எவ்வளவு துவண்டிருக்கிறான் என்பதைத் திரும்பிப் பார்த்து, அதற்கேற்பத் தன் வேகத்தை அளந்துதான் வாங்குபவன் நகரத் தொடங்க வேண்டும். கண் இருண்டு கால் கல்லாகி நான் வரும் ஒவ்வொரு முறையும் அவன் முகம் என்னை நோக்கித் திரும்பியிருக்கும். என் களைப்பை அவன் ஒருமுறைகூடத் தவறாக அளந்ததில்லை.

அவனுக்கு வெளியூரில் ஒரு துணை இருப்பது எங்களுக்குத் தெரியும். இரவு மாடிப்படியில் உட்கார்ந்து தொலைபேசியில் பேசுவான். யார் என்று கேட்டால் ‘அவங்க’ என்பான். அவங்க வேலைக்குப் போறாங்க, அவங்களுக்கு ஓட்டமெல்லாம் பிடிக்காது, அவங்க வீட்டுல ரொம்பக் கண்டிப்பு. தமிழில் அவன், அவள் என்று சொன்னால் ஆணா பெண்ணா என்பது தெரிந்துவிடும். மரியாதைக்காக நாம் வைத்திருக்கும் ‘அவங்க’வில் மட்டும் ஒருவன் ஒளிந்துகொள்ளலாம். வயதில் மூத்த பெண்ணைக் காதலிக்கிறான் போலும் என்று நாங்கள் கேலி செய்தோம். கேலி முற்றியதும் அவன் ஒரு பெயரைச் சொன்னான். பிறகு அந்தப் பெயருக்கு ஒரு வேலை, ஓர் அண்ணன், ஒரு பிறந்தநாள் எல்லாம் வந்து சேர்ந்தன.

ஒரு போட்டிக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்த இரவில் யாரோ அந்தப் பிறந்தநாளைக் கேட்டார்கள். அவன் சொன்னான். மேல் படுக்கையில் இருந்த நான் எட்டிப் பார்த்து, “போன மாசம் வேற தேதி சொன்னியே” என்றேன். பெட்டியே சிரித்தது. அவனும் சிரித்தான். சிரித்தபடியே குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான். அவன் விரல்கள் அந்த முடிச்சை இரண்டு முறை தவறவிட்டன. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்தப் பருவம் முடிந்ததும் முழங்கால் வலி என்று சொல்லி ஓட்டத்தை விட்டான். எங்களில் மிக வேகமானவன் அவன்தான். இன்னும் பல ஆண்டுகள் ஓடியிருக்க வேண்டியவன். பல வருடங்கள் கழித்துச் சந்தித்தபோதுதான் உண்மையைச் சொன்னான். முழங்காலில் எந்தக் குறையும் இருக்கவில்லை. பயிற்சி அவனைக் களைக்கச் செய்யவில்லை, யாரிடம் என்ன சொன்னோம் என்று நினைவில் வைத்திருப்பதுதான் களைக்கச் செய்தது என்றான். அந்த ரயில் இரவைப் பற்றி அவனாக எதுவும் சொல்லவில்லை. நானாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சை மாற்றினான்.

‘வாய் திறக்காதே’ என்று நீங்கள் சொன்னது இதைத்தான். வாயை மூடிக்கொண்டு ஒருவன் அணியில் இருந்துவிட முடியாது. கேட்பார்கள், அவன் பதில் சொல்லியாக வேண்டும், பதில் பொய்யாக இருக்க வேண்டும், அந்தப் பொய்க்குத் துணையாக இன்னொரு பொய் வேண்டும். ஐந்து ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற நீச்சல் வீரர் இயன் தோர்ப்பைப் பதின்ம வயதிலேயே நிருபர்கள் இதைக் கேட்கத் தொடங்கினார்கள். இல்லை என்றார். 2012இல் தன்வரலாற்றிலும் இல்லை என்று எழுதினார். 2014இல் ஆம் என்று சொன்னபோது, அந்தப் பொய் அவ்வளவு பெரிதாக வளர்ந்துவிட்டிருந்ததால் தன் நேர்மையையே எல்லோரும் சந்தேகிப்பார்களோ என்று அஞ்சியதாகச் சொன்னார். பதின்ம வயதில் தலையில் ஏற்றிய சுமை, ஓய்வு பெற்றபின்னும் இறங்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பவர்கள் இடைப்பட்ட ஆண்டுகளை யார் சுமப்பது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இங்கிலாந்தில் ஜஸ்டின் ஃபஷானு 1990இல் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்தார். பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கப்பட்ட முதல் கறுப்பினக் கால்பந்து வீரர் அவர். சொந்தத் தம்பியே அவரைப் பொதுவெளியில் ஒதுக்கினார். 1998இல், 37 வயதில், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு அடுத்து அந்த நாட்டில் ஆடிக்கொண்டிருக்கும்போதே அதைச் சொன்ன ஆண் தொழில்முறைக் கால்பந்து வீரர் 17 வயது ஜேக் டேனியல்ஸ், ஆண்டு 2022. இடையில் 32 ஆண்டுகள். அந்த 32 ஆண்டுகளில் அங்கே அப்படிப்பட்டவர்கள் ஒருவர்கூட ஆடவில்லை என்றா நினைக்கிறீர்கள்? ஆடினார்கள். கோல் அடித்தார்கள். வார இறுதியில் என்ன செய்தாய் என்று தோழன் கேட்டபோது எதையோ கட்டிச் சொன்னார்கள்.

உடன் ஓடுபவர்களின் சங்கடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேல்ஸ் ரக்பி அணியின் கேரத் தாமஸ், அந்நாட்டுக்காக 100 ஆட்டங்கள் ஆடிய முதல் வீரர். 2006இல் ஓர் ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறையில் உடைந்து அழுதவர், முதலில் பயிற்சியாளரிடம்தான் சொன்னார். அந்தப் பயிற்சியாளர் ‘வாய் திறக்காதே’ என்று சொல்லவில்லை. தாமஸுக்குத் துணை வேண்டும் என்று கண்டு, அணியின் இருவரிடம் பேசினார். அவர்கள் வந்து தாமஸின் முதுகில் தட்டி, இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்டார்கள். உலகத்துக்கு அவர் சொன்னது மூன்று ஆண்டுகள் கழித்து, 2009இல், ஆடிக்கொண்டிருக்கும்போதே. மோதி விழுந்து எலும்பு முறியும் ஆட்டத்தில் எவருக்கும் வராத சங்கடம், தடகளத்தில் ஓடும் உங்கள் பிள்ளைகளுக்கு வந்துவிடும் என்று நீங்களே ஏன் முடிவு செய்கிறீர்கள்?

வெற்றி பெற்றதும் வீரர்கள் கையை உயர்த்தி உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டிக்கொள்கிறார்களே, அது 1977இல் அமெரிக்க பேஸ்பால் வீரர் க்ளென் பர்க், தோழர் டஸ்டி பேக்கரை வரவேற்க உயர்த்திய கையிலிருந்து தொடங்கியது என்று பரவலாகச் சொல்வார்கள். பர்க் தன்பாலீர்ப்பாளர். அடுத்த ஆண்டே அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பின் அதிக காலம் அவர் ஆடவில்லை. நானும் என் அறைத்தோழனும் ஒவ்வோர் ஓட்டம் முடிந்ததும் அப்படித்தான் கை தட்டிக்கொண்டோம்.

அவன் அறிவிக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இத்தகைய உறவைக் குற்றமாக்கும் சட்டம் 60க்கும் மேற்பட்ட நாடுகளில் இன்னும் இருக்கிறது. போட்டிக்காக எங்கெங்கோ போகவேண்டியவனுக்கு அது வெறும் செய்தி அல்ல. யாரிடம், எப்போது, எந்தச் சொல்லில் என்பதெல்லாம் அவன் தீர்மானிக்க வேண்டியவை. டூட்டி சந்த் நெருங்கிய உறவினரின் மிரட்டலுக்குப் பிறகே பேச நேர்ந்ததாகச் சொன்னார். அந்த நிலை உங்கள் பையனுக்கு வரக்கூடாது என்றால், அவன் சொன்னது உங்களைத் தாண்டி எவர் காதுக்கும் அவன் அனுமதியில்லாமல் போகக்கூடாது, உங்கள் மனைவி காதுக்கும்கூட. அவன் சொல்ல முடிவெடுத்த நாளில் பக்கத்தில் நிற்பது உங்கள் வேலை. அதற்கு முன்பே, பயிற்சிக்கு நடுவே பறக்கும் கேலிகளை நிறுத்துவதும் உங்கள் வேலை. யாரோ எட்டிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டு எல்லோரும் சிரிக்கும்போது, அங்கே பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். எங்கள் பெட்டியிலும் எங்கள் பயிற்சியாளர் இருந்தார். அவரும் சிரித்தார்.

அவன் உங்களிடம் சொல்லி ஒரு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு மாதத்தில் நேரக் கணக்கையும் சுற்றுக் கணக்கையும் தவிர அவனிடம் வேறு ஏதாவது பேசினீர்களா? அவனுக்கு ஒரு துணை இருந்தால் பெயர் என்ன, நலமா என்று கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.