பச்சை வாந்தியா? காத்திருக்காதீர்கள்

கேள்வி: பிறந்து 2 நாளான குழந்தை பச்சையாக வாந்தி எடுக்கிறது, வயிறும் உப்பியிருக்கிறது. வாயுதான், சரியாகிவிடும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. குழந்தைகளுக்கான அறுவைசிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள். கக்கும் பால் வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. இலைச்சாறு போலப் பச்சையாக வந்தால் அது பித்தநீர், குடலில் எங்கோ அடைப்பு என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். குடல் முறுக்கிக்கொண்டிருந்தால் ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கிவிடும், அதனால்தான் இந்த அவசரம். அங்கே பாலை நிறுத்தி, மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டு, டிரிப்ஸ் ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். முறுக்கு என்று சந்தேகம் வந்தால் சாய மருந்து செலுத்தியும் படம் பிடிப்பார்கள், உறுதியானால் உடனே அறுவைசிகிச்சைதான். அப்புறம், கருமையான முதல் மலம் 48 மணி நேரத்துக்குள் போனதா என்று கேட்பார்கள், கவனித்து வையுங்கள். போகாவிட்டால் பெருங்குடலில் நரம்புச் செல்கள் இல்லாத ஹிர்ஷ்ஸ்பிரங் நோயாகவும் இருக்கலாம், திசு எடுத்துப் பார்த்துத்தான் அதை உறுதி செய்வார்கள்.