பழைய சோவியத் கேமராக்களில் ரேஞ்ச்ஃபைண்டர் எப்படி மாறி வந்தது? ஃபெட், ஸோர்க்கி, கீவ் மூன்றில் 85 மி.மீ. லென்ஸுக்கு எது ஒத்துவரும்?

யூப்பிட்டர்-9 (85 மி.மீ., எஃப்/2) லென்ஸை முழுக்கத் திறந்து வைத்து முகம் எடுக்கத்தான் கேட்கிறீர்கள் என்றால் ஃபெட்-2 அல்லது கீவ்-4ஏ வாங்குங்கள். ஸோர்க்கி-4 நல்ல கேமராதான், ஆனால் இந்த வேலைக்கு இல்லை. "பின்னால் வந்த மாடல் என்றால் ரேஞ்ச்ஃபைண்டரும் மேம்பட்டிருக்கும்" என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பார்க்க வேண்டியது கேமராவின் முன்பக்கம் ரேஞ்ச்ஃபைண்டருக்கு இருக்கும் இரண்டு சாளரங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி. ஒரே பொருளை இரண்டு இடங்களிலிருந்து பார்த்து, இரண்டு பிம்பத்தையும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்துவதுதான் ரேஞ்ச்ஃபைண்டர். இடைவெளி கூடினால் நுட்பம் கூடும். அதை வியூஃபைண்டரின் (கண் வைத்துப் பார்க்கும் பகுதி) உருப்பெருக்கத்தால் பெருக்கினால் வருவதுதான் கணக்குக்கு உதவும் எண்.

1934-இல் கார்கீவ் நகரில், கல்வியாளர் மகரெங்கோ ஆதரவற்ற சிறுவர்களுக்காக நடத்திய ஜெர்ஜின்ஸ்கி கம்யூனில் ஃபெட் தயாரிப்பு தொடங்கியது. அதற்கு முன் அந்தப் பட்டறையில் மின்சார டிரில் செய்துகொண்டிருந்தார்கள். ஃபெட் என்பது ஜெர்மன் கேமரா லைகா-2-இன் நகல். ஃபோகஸ் பார்க்க ஒரு துளை, ஃபிரேம் பார்க்க வேறொரு துளை. இடைவெளி 38 மி.மீ. லென்ஸின் பின்விளிம்பு ஒரு நெம்பைத் தள்ளும், நெம்பு உள்ளிருக்கும் சிறு கண்ணாடியைத் திருப்பும். எவ்வளவு திருப்பும்? ஃபோகஸ் 10 மீட்டரிலிருந்து முடிவிலிக்கு (மிகத் தொலைவுக்கு) போக அந்தக் கண்ணாடி திரும்புவது ஏறக்குறைய 0.11 டிகிரிதான். ஒரு திருகு கொஞ்சம் தளர்ந்தாலே படம் கெடுவது இதனால்தான். போருக்கு முந்தைய ஃபெட்டில் இன்னொரு வம்பு உண்டு: லென்ஸ் மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை உள்ள தூரம் 28.8 மி.மீ. என்று நிலைப்படுத்தப்படவில்லை. ஒவ்வொரு பாடிக்கும் அதனதன் லென்ஸைத்தான் பொருத்தி அனுப்பினார்கள். ஜோடி பிரிந்த பழைய ஃபெட்டை அலமாரிக்கு மட்டும் வாங்கலாம்.

போருக்குப் பிறகு மாஸ்கோ அருகே கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் அதே வடிவம் ஸோர்க்கி ஆனது. 1951-இல் வந்த ஸோர்க்கி-3-இல் இரண்டு துளைகளும் ஒன்றாகின. கிட்டத்தட்ட நிஜ அளவிலேயே காட்டும் பெரிய, பிரகாசமான வியூஃபைண்டர் அது. 1956-இன் ஸோர்க்கி-4-க்கும் அதுதான் வந்தது. ஆனால் இடைவெளி அதே 38. பார்க்கச் சுகம், நுட்பத்தில் பழைய கதை.

உண்மையான பாய்ச்சல் 1955-இன் ஃபெட்-2. கண் வைக்க ஒரே துளை, இடைவெளி 67 மி.மீ. உருப்பெருக்கம் சுமார் 0.75 என்பதால் கணக்குக்கு 50 தேறும். பிறகு ஃபெட்-3 வந்தது. மெதுவான ஷட்டர் வேகங்கள் கிடைத்தன, இடைவெளி 41-க்குச் சுருங்கியது. வரிசை எண் ஏறியது, ரேஞ்ச்ஃபைண்டர் இறங்கியது.

கீவ் தனிக் குடும்பம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் செய்த கான்டாக்ஸ் கேமராவை ஒட்டி, போர் இழப்பீடாக வந்த ஜெர்மன் கருவிகளையும் பாகங்களையும் கொண்டு 1947 முதல் செய்தார்கள். இடைவெளி 90 மி.மீ. இதில் கண்ணாடி திரும்புவதில்லை. நீளமான ஒற்றைக் கண்ணாடிப் பட்டகம் அசையாமல் இருக்கும், அதன் முன்னே ஒரு கண்ணாடி ஆப்பு நகர்ந்து ஒளியை வளைக்கும். அதனால் கீழே போட்டால்கூட அவ்வளவு எளிதில் பிசகாது. தொல்லை வேறு இடத்தில்: வலது கை விரல் சின்னச் சாளரத்தை மறைத்துவிடும். நடுவிலுள்ள பிம்பம் திடீரென்று காணாமல் போனால் முதலில் விரலைப் பாருங்கள்.

எந்த பாடி வாங்கினாலும் சோதித்துவிட்டுத்தான் ஃபிலிம் போட வேண்டும். ஸோர்க்கி-4-ஐ வைத்துச் சொல்கிறேன், பெரும்பாலும் பழுதுபார்க்க வருவது அதுதான்.

முதலில் ரீவைண்ட் குமிழின் அடியிலுள்ள நெம்பைத் திருப்பி உங்கள் கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். பலர் மங்கலைப் பிசகு என்று நினைத்துத் திருகைத் தொட்டுவிடுகிறார்கள். அடுத்து லென்ஸ். பின்மூடியைக் கழற்றி, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் தேய்த்த கண்ணாடியோ டேப்போ இழுத்து ஒட்டி, ஷட்டரை 'பி'-யில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும் நிலை) திறந்து வையுங்கள். முடிவிலியில் தொலைவுக் கோபுரம் கூர்மையாக விழ வேண்டும். விழாவிட்டால் குற்றம் ரேஞ்ச்ஃபைண்டரில் இல்லை. மவுண்ட் வளையத்தின் அடியில் இருக்கும் மெல்லிய காகித வளையங்களை யாரோ தொலைத்திருக்கிறார்கள். (ஸோர்க்கி-1, பழைய ஃபெட் இரண்டிலும் பின்பக்கம் திறக்காது, அங்கே ஃபிலிம் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.)

லென்ஸ் சரி என்றால் பிம்பங்களுக்கு வரலாம். மேல் கீழாக விலகியிருந்தால், முன்னால் உள்ள சின்ன வட்டச் சாளரத்தின் வளையத்தைக் கழற்றி உள்ளிருக்கும் கண்ணாடியைக் கொஞ்சம் சுழற்றுங்கள். இது பிம்பத்தைப் பக்கவாட்டிலும் தள்ளும், அதனால் இதை முதலில் முடித்துவிட வேண்டும். பிறகு இரண்டு சாளரங்களுக்கு நடுவேயுள்ள மூடித் திருகை எடுத்து, உள்ளே இருக்கும் சிறு திருகால் முடிவிலியைப் பொருத்துங்கள். குறைந்தது ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோபுரம் வேண்டும். எதிர்வீட்டு ஆன்டெனா போதாது.

கடைசியில் 1 மீட்டர். டேப் வைத்து ஃபிலிம் தளத்திலிருந்து அளந்து பாருங்கள். இங்கே பிசகினால் லென்ஸைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே நெம்பின் நுனியில் ஆப்பு வடிவ நாக்கு தெரியும். அதன் திருகைத் தளர்த்தி நாக்கை மயிரிழை திருப்பினால் நெம்பின் விகிதம் மாறும். மாறியதும் முடிவிலி கொஞ்சம் ஓடிவிடும், திரும்பவும் அதைப் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று சுற்றில் இரண்டும் நிற்கும். லைகாவில் இந்த இடத்தில் உருளும் சக்கரம்தான் இருக்கும். "பழைய லைகா" என்று யாராவது நீட்டினால், அது வேஷம் போட்ட சோவியத் கேமராவா என்று அறிய முதலில் இங்கேதான் எட்டிப் பார்க்க வேண்டும்.

பிம்பம் பொருந்துகிறது, ஆனால் நடுப்பகுதி வெளிறித் தெரிகிறது என்றால் பாதிப் பூச்சுக் கண்ணாடி தேய்ந்துவிட்டது. பஞ்சால் அழுத்தித் துடைத்தால் மிச்சப் பூச்சும் போய்விடும். பெரிய சாளரத்தின் வெளிப்பக்கம், நடுவில் சின்னக் கறுப்பு டேப் வட்டம் ஒட்டுங்கள். அந்த இடத்தில் நேர்ப் பிம்பம் மங்கி இரண்டாவது பிம்பம் எடுத்துக்காட்டும். கண்ணாடியை மாற்றும்வரை இதைவைத்தே ஓட்டலாம்.