'வொர்க்ட்', 'வாஸ் வொர்க்கிங்': எதை எங்கே போடுவது?

ஆங்கிலத்தில் இவை இரண்டுமே இறந்தகாலம்தானே, என்ன வேறுபாடு என்று கேட்டிருக்கிறீர்கள்.

'வென் வி ரீச்ட் தக்கலை, இட் வாஸ் ரெய்னிங்' என்றால், நாம் போய் இறங்கும்போதே மழை பெய்துகொண்டிருந்தது. 'இட் ஸ்டார்ட்டட் டு ரெயின்' என்றால் இறங்கிய பிறகுதான் பிடித்தது. இதுவரை தமிழைப் போலத்தான், சிக்கல் இல்லை.

நம்மூர்க்காரர்கள் இன்டர்வியூவில் தடுமாறுவது வேறு இடத்தில். 'மார்த்தாண்டத்தில் 2 வருஷம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்' என்று நினைத்து, 'ஐ வாஸ் வொர்க்கிங் ஃபார் டூ இயர்ஸ்' என்று விடுவார்கள். அந்த வேலை முடிந்துவிட்டதே! எத்தனை வருஷம் நீண்டிருந்தாலும், முழுதாக முடிந்ததை ஆங்கிலம் பெரும்பாலும் 'ஐ வொர்க்ட்' என்றே சொல்லும். நடுவில் வேறொன்று குறுக்கிட்டால் 'வாஸ் வொர்க்கிங்' பொருந்தும்: 'ஐ வாஸ் வொர்க்கிங் தேர் வென் ஐ காட் மேரீட்'.

அப்புறம், 'நோ' (தெரிந்திருப்பது), 'வான்ட்', 'பிலீவ்' போன்றவற்றோடு பொதுவாக 'இங்' ஒட்டாது. 'ஐ வாஸ் நோயிங் ஹிம்' வேண்டவே வேண்டாம். 'ஐ நியூ ஹிம்' போதும்.