ஜாவா ஃபிரேம்வொர்க்கில் பைத்தானுக்கு இடம் கொடுப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "தோட்ட ஆபீஸில் கழித்துப்போட்ட ஆறு கணினிகளை இணைத்து, வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஃபிரேம்வொர்க் ஒன்றை ஜாவாவில் எழுதியிருக்கிறேன். செம்பனைக் குலைகளின் படத்தைப் பார்த்துப் பழமா காயா என்று சொல்லும் நிரலை நண்பன் பைத்தானில் வைத்திருக்கிறான். அதை இதில் ஓடவைக்க ஜைத்தான் நல்லதா, ஜேஎன்ஐ நல்லதா?"

இரண்டும் வேண்டாம், தம்பி. ஜைத்தான் என்பது ஜாவாவுக்குள்ளேயே ஓடும் பைத்தான்; ஜேஎன்ஐ என்பது ஜாவாவிலிருந்து சி மொழி நிரலை அழைக்கும் வழி. ஜைத்தான் பைத்தான் 2.7-உடன் நின்றுவிட்டது; படவேலைக்குத் தேவையான நம்பை (NumPy) என்ற கணக்கு நூலகம் அதில் ஓடாது. ஜேஎன்ஐ வழியாக உள்ளே இழுத்தால், சி பக்கம் ஒரே ஒரு தவறான நினைவக முகவரி போதும், ஜாவா நிரல்களை ஓட்டும் ஜேவிஎம் மொத்தமும் விழுந்துவிடும். அந்தக் கணினியில் ஓடிய மற்ற வேலைகளும் அதோடு போகும்.

பைத்தானை வெளியே, தனி புராசஸாக, அதாவது தனியே ஓடும் நிரலாக, ஓடவிடுங்கள். ஜாவா அதை புராசஸ்பில்டர் என்ற கிளாஸ் மூலம் ஒருமுறை தொடங்கிவைத்து, ஸ்டாண்டர்ட் இன்புட் என்ற உள்ளே போகும் குழாயில் வேலையைக் கொடுத்து, ஸ்டாண்டர்ட் அவுட்புட் என்ற வெளியே வரும் குழாயில் விடையை வாங்கட்டும். பல கணினிகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பெரிய ஃபிரேம்வொர்க்குகளும் இப்படித்தான். ஹடூப் ஸ்ட்ரீமிங் செய்வதும் இதுதான். ஸ்டார்ம் இதே வழியில் ஜேசன் (JSON) என்ற எழுத்து வடிவத்தில் செய்திகளை அனுப்புகிறது. ஸ்பார்க்கிலும் நாம் எழுதும் பைத்தான் ஃபங்ஷன்கள் ஜேவிஎம்முக்கு வெளியேதான் ஓடுகின்றன. நாளைக்கு வேறொருவர் கோ மொழியிலோ சி++-இலோ எழுதி வந்தாலும் இதே வாசல் போதும். நெட்வொர்க் வழியாக வேறு நிரலின் ஃபங்ஷனை அழைக்கும் ஜிஆர்பிசியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆறு கணினிக்கு இப்போது அது தேவையில்லை.

சிக்கல் வருவது செய்தியின் வடிவத்தில். முதலில் நான்கு பைட்டில் நீளம், அப்புறம் யுடிஎஃப்-8 (எழுத்துகளை பைட்டாக மாற்றும் முறை) ஜேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் என்றால் எழுத்துக் கணக்கு அல்ல, பைட் கணக்கு. கோப்புறையின் பெயர் 'லயம்' என்று இருந்தால் ஜாவாவின் லெங்த் புள்ளியையும் தனியாக எண்ணி 4 என்று சொல்லும். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்பதால் குழாயில் போவதோ 12 பைட். 4 என்று எழுதி அனுப்பினால் பைத்தான் முதல் எழுத்தோடு அடுத்த எழுத்தின் ஒரு துண்டையும் படித்துவிட்டு, மிச்சத்தை அடுத்த செய்தியின் நீளம் என்று நினைத்துக்கொள்ளும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது. ஆகவே முதல் சோதனையைத் தமிழிலேயே செய்யுங்கள். நீளத்தை எழுதும் ஜாவாவின் ரைட்இன்ட், எண்ணின் உயர்மதிப்பு பைட்டை முதலில் எழுதும். பைத்தானில் அதை ஸ்ட்ரக்ட் என்ற மாட்யூலால், அதே வரிசையைக் குறிக்கும் '>' குறியோடு படிக்க வேண்டும். படத்தை ஜேசனுக்குள் திணிக்காதீர்கள். அதை வேலை நடக்கும் கணினியில் இறக்கிவைத்து, கோப்பின் பாதையை மட்டும் அனுப்புங்கள்.

அடுத்தது, எல்லாரும் தடுக்கி விழும் இடம். அவுட்புட் குழாய்க்குள் போகும்போது பைத்தான் அதை உடனே அனுப்பாமல் சேர்த்துவைக்கும். ஜாவா விடைக்காகக் காத்திருக்கும், பைத்தான் அடுத்த வேலைக்காகக் காத்திருக்கும். பிழைச் செய்தியே வராமல் இரண்டும் அப்படியே நிற்கும். ஒவ்வொரு விடைக்குப் பின்னும் ஃப்ளஷ் செய்யச் சொல்லுங்கள், அதாவது சேர்த்துவைத்ததை உடனே அனுப்பச் சொல்லுங்கள். நண்பர் சோதனைக்காகப் போட்ட பிரிண்ட் வரிகளையும் பிழைச் செய்திகளுக்கான தனிக் குழாயான ஸ்டாண்டர்ட் எரருக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரு வரி தவறி விடையில் கலந்தாலும் நீளக் கணக்கு போய்விடும். அந்த எரர் குழாயை ஜாவாவில் தனி த்ரெட் ஒன்று படித்துக்கொண்டே இருக்க வேண்டும். படிக்காமல் விட்டால் குழாய் நிறைந்து, பைத்தான் எழுத இடமில்லாமல் நின்றுவிடும்.

படங்களைத் தொடுவதற்கு முன், வந்த செய்தியை அப்படியே திருப்பி அனுப்பும் இருபது வரி பைத்தான் நிரலை வைத்து எல்லாவற்றையும் ஓட்டிப்பாருங்கள். அது ஓடும்போதே, புராசஸை உடனே நிறுத்தும் கில் -9 கட்டளையைக் கொடுத்து பைத்தானைக் கொல்லுங்கள். கையிலிருந்த வேலை வேறொரு கணினிக்குப் போய் முடிந்தால், நண்பரின் நிரலை ஏற்றலாம்.